வந்ததைச் சாப்பிடுகிறவர்கள்

பிப்ரவரி 11

அக்கா,

எத்தனை தடவை அடித்தாலும் போன் மணி போய்க்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. கடிதமாக எழுதினால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுப்பாய் என்று எழுதுகிறேன்.

தெருவில் நின்று உன்னைப் பார்த்துக் கத்தியது தப்புதான். நாலு பேர் பார்க்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியதும் தப்பு. ஆனால் எதற்காகக் கத்தினேனோ அந்த விஷயத்தில் நான் மாறவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவு. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் உட்கார்ந்து வந்தது, நீ, நான், அப்பா மூன்று பேரும் ஒரு வேளை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றுதான். உனக்கு அடுப்படி வேண்டாம், தையல் மிஷினையும் மூடி வை, ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பாவால் தெருமுக்கைத் தாண்டி நடக்க முடியாது என்று நீதான் சொன்னாய், அதனால் முக்கு ரெஸ்டாரண்டையே சொன்னேன். வாசலில் பலகையில் சாக்பீஸால் 'ஞாயிறு பிரஞ்ச்' என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "காலைச் சாப்பாடும் இல்ல, மத்தியானச் சாப்பாடும் இல்ல, ரெண்டுங்கெட்டான்" என்று கிண்டல் செய்தாய். அப்புறம், "அங்க வேணாம்டி, பஸ் ஏறி வேற எங்கயாவது போலாம்" என்று இழுத்தாய். நான் செலவு பண்ணுவேனே என்று தயங்குகிறாய் என நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்!

ஜன்னலோரம் உட்கார்ந்தோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அப்பா பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போனார். நான் கேட்டது காளான் ஆம்லெட். வந்தது அவித்த முட்டை. சூப்பில் ஆடை படிந்து கிடந்தது, ஸ்பூனை விட்டால் அது ஸ்பூனோடு வந்தது. ரொட்டி ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு. பழச்சாறு கடைசி வரை வரவே இல்லை. பக்கத்து மேஜைப் பெரியவர் என் ஆம்லெட்டை வெட்டி வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முறைத்ததும் தலையை ஆட்டிச் சிரித்தார், என்னவோ நாங்கள் இருவரும் கூட்டுக் களவாணிகள் மாதிரி. நீயோ குனிந்த தலை நிமிரவில்லை.

அப்பாவைக் காணோமே என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் ஏப்ரன். தோளில் துண்டு. இடது கையில் தோள் வரைக்கும் தட்டுகள். அந்தச் சுருட்டை முடிப் பெண், பரிமாறுகிறவள், அவர் கையில் ஈரத்துணியைக் கொடுத்து ஒரு மேஜையைக் காட்டுகிறாள். யாரோ ஒருவன் "பெரியவரே, இங்க கொஞ்சம் தண்ணி!" என்கிறான். அப்பா ஓடுகிறார், அக்கா. ஓடுகிறார்.

நாற்பது வருஷம் ஸ்டேஷன் சாப்பாட்டுக்கூடத்தில் எச்சில் தட்டுத் தூக்கிய மனுஷன். அந்தக் கையில் சூடு பட்ட தழும்புகளை எண்ணித்தான் நாம் எண்ணவே கற்றுக்கொண்டோம். அந்தக் கைதான் நம்மைப் படிக்க வைத்தது. நம்மை என்று எழுதிவிட்டேன். என்னை. வயசான காலத்தில், நினைவு தப்பிய காலத்தில், எவனோ எச்சில் செய்த மேஜையை அவர் துடைக்க வேண்டுமா? உன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. உனக்குத் தெரிந்தே நடக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முறைப்படி எழுத வேண்டிய இடங்களுக்கு எழுதிவிட்டேன். முதலாளிக்கு ஒன்று, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒன்று. தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, எங்கே எந்த வார்த்தையைப் போட்டால் காரியம் நடக்கும் என்று தெரியாதா? அதுதானே என் பிழைப்பு.

இன்னொன்று. என் வீட்டுப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சுத்தமாக இருக்கிறது, தினமும் டாக்டர் வருகிறார். அதைப் பேசத்தான் அன்று உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பேச எங்கே விட்டார்கள்?

பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 26

புகார்ப் பிரிவு மகாராணிக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே உன் மற்ற இரண்டு கடிதங்களும் போக வேண்டிய இடத்துக்குப் போய், வேலையையும் முடித்துவிட்டன. சபாஷ்.

முதலாளியம்மா என் வீட்டுப் படியேறி வந்தார்கள். அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்கள், கையில் மாவு கூடக் காயவில்லை. நீ எழுதியதை நின்றபடியே படித்துக் காட்டினார்கள். "முதியவரிடம் ஊதியமின்றி வேலை வாங்குதல். அவரது மறதி நோயைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளுதல்." அந்த இடத்தில் தாளை மடித்துவிட்டார்கள். "நான் உங்க அப்பாவப் பயன்படுத்திக்கிட்டேனாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான் என்னத்தைச் சொல்ல? எழுதியது என் கூடப் பிறந்தது ஆயிற்றே! அடுத்த நாளே அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அந்தப் பெரியவர் இனிமேல் வாசற்படி மிதிக்கக் கூடாது, மிதித்தால் கடையையே மூடிவிடுவோம் என்று மிரட்டி எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இப்போது உட்கார்ந்து கேள், அந்தச் சங்கு எப்படிக் கிடந்தது என்று.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் காபி குடிக்க அங்கே கூட்டிப் போனேன். வீட்டில் அவருக்குப் பாத்ரூம் கதவு எது, பீரோக் கதவு எது என்று தெரியாது. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுவார். என்னை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு "சிஸ்டர், வீட்டுக்கு எப்ப அனுப்புவீங்க?" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார், பக்கத்து மேஜையில் காலியாயிருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடது கையில் அடுக்கினார், ஒரு ஸ்பூன் கூடச் சத்தம் போடாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எனக்கு மானம் போயிற்று. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்தச் சுருட்டைதான், "விடுங்கக்கா. என்னை விட நல்லாத் தூக்குறாரு. நான் தூக்கினா பாதி தரையில கெடக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போனோம். காலையில் வெள்ளைச் சட்டையைத் தானாகவே போட்டுக்கொள்வார், பொத்தான் ஒன்று கூட மாறாது. முதுகு நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு மேஜையாக நின்று, "என்ன சாப்பிடுறீங்க? பயணம் எதுவரைக்கும்?" என்று கேட்பார். எல்லோரும் ரயிலுக்கு வந்தவர்கள் என்று அவருக்கு நினைப்பு. அவர்களும் ஏதாவது ஊர்ப் பேரைச் சொல்வார்கள். "வண்டி லேட்டு, அவசரமில்லாமச் சாப்பிடுங்க" என்பார்.

ஆனால் எந்த மேஜை என்ன கேட்டது என்று அவருக்கு நிற்காது. ஆம்லெட் ஒரு பக்கம் போகும், அவித்த முட்டை ஒரு பக்கம் போகும். முதலில் ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். அப்புறம் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறவர்கள் கேட்டதைச் சாப்பிடுவதில்லை, வந்ததைச் சாப்பிடுவார்கள். அதுதான் அங்கே சட்டம். உன் ஆம்லெட்டைச் சாப்பிட்டாரே, அந்தப் பெரியவர், அவருக்கு முட்டை என்றாலே ஆகாது. கேட்டது ஒரு கப் கஞ்சி. அப்பா கொண்டுவந்து வைத்தார் என்பதற்காகச் சாப்பிட்டார். உனக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சிரித்தார். உன் சூப் ஆறிப்போனது யாரால் தெரியுமா? அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஒவ்வொரு மேஜையாக நின்று பயணம் விசாரித்துக்கொண்டிருந்தார். சுருட்டை பார்த்து வாங்கி உன்னிடம் கொண்டுவந்தாள். பழச்சாற்றை அவரே குடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

நீ அவருக்கு மரியாதை வாங்கித் தரக் கிளம்பினாய், சின்னு. அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

போன ஞாயிறு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். இன்றைக்குக் கடை லீவு என்றேன். நம்பவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.

முதியோர் இல்லமா? சுத்தமாக இருந்தால் நீயே போய் இரு.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். திரும்ப என் மேஜைக்குப் போகவே முடியவில்லை.

ஆனால் நான் கேட்கிறேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை? வாராவாரம் போன் பண்ணினேனே. "அப்பா எப்படி இருக்காரு?" "நல்லா இருக்காரு." "சாப்பிட்டாரா?" "சாப்பிட்டாரு." இதைத் தவிர நீ என்ன சொன்னாய்? உன்னை நர்ஸ் என்று நினைக்கிறார் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் தயாராக வந்திருப்பேனே. தூரத்தில் இருக்கிறவளுக்கு நல்ல சேதி மட்டும் போதும் என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டாய். அப்புறம் ஒன்றும் தெரியாதவள் என்று என்னையே ஏசுகிறாய்.

நான் போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதை எழுதக் கை வரவில்லை. அன்று எழுந்து போய் அப்பாவின் கையிலிருந்த தட்டுகளைப் பிடுங்கினேனே, நீ தூரத்திலிருந்து பார்த்திருப்பாய், என்ன பேசினோம் என்று கேட்டிருக்காது. "அப்பா, வாங்க போலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு அழகாகச் சிரித்தார் தெரியுமா? சின்ன வயசில் கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. "உக்காருங்கம்மா, உங்க ஆர்டர் வந்துட்டே இருக்கு. தனியாவா வந்திருக்கீங்க?" என்றார்.

தனியாவா வந்திருக்கீங்க என்று கேட்டார், அக்கா.

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தமெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான். எச்சில் தட்டு, ஈரத்துணி எல்லாம் சாக்கு. அந்தக் கோபத்தோடு ரயிலில் உட்கார்ந்து எழுதிய புகார் அது. நன்றாக எழுத வருகிறது என்பதற்காக எழுதிவிட்டேன்.

நேற்றே அதைத் திரும்பப் பெற எழுதினேன். பதில் என்ன வரும் என்று எழுதும்போதே தெரியும். என்னிடம் அழுதுகொண்டு வருகிறவர்களிடம் நானே தினமும் சொல்கிற பதில்தான். "புகார் கொடுத்தது நீங்க, ஆனா கோப்பு இனிமே எங்களோடது." ஒரு தடவை கூட அது எப்படிக் காதில் விழும் என்று நான் யோசித்ததில்லை.

ஆனால் நீயும் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். நாம் உள்ளே நுழைந்தபோது சுருட்டை உன்னைப் பார்த்து, "என்னக்கா, இன்னிக்குத் தூங்கப் போகலையா?" என்றாள். நீ கண்ணால் அவளை அடக்கினாய். அப்பா அங்கே மேஜை மேஜையாக நிற்கும்போது நீ எங்கே போவாய்?

தங்கை


மார்ச் 16

உன் கடிதம் கிடைத்தது. இப்போது எழுதுகிற நிலையில் இல்லை. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.


மார்ச் 19

அக்கா, போனை எடு. உன் காலில் விழுகிறேன், எடு. என்ன ஆயிற்று?


மார்ச் 24

சின்னு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அவருக்கு எல்லாம் போனாலும் காது மட்டும் பாம்புக் காது. நான் அழுதால் எழுந்து வந்து, "சிஸ்டர், யாராவது செத்துட்டாங்களா?" என்கிறார். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஆமாம், தூங்கினேன். அப்பாவை அங்கே விட்டுவிட்டு, மாடியில் முதலாளியம்மாவின் அறையில் கட்டிலில் விழுந்து தூங்கினேன். போதுமா? ராத்திரியில் அவர் தூங்குவதில்லை. ஷிப்டு முடியவில்லை என்று எழுந்து எழுந்து கதவைத் திறக்கிறார். கதவில் மணி ஒன்று கட்டியிருக்கிறேன், அது அசையும்போதெல்லாம் நானும் எழ வேண்டும். பகலில் தலையணை உறை தைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. போன மழைக்காலத்தில் தூக்கக் கலக்கத்தில் ஊசி விரலுக்குள் ஏறிவிட்டது. வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நான் மனுஷியாகக் கண்ணை மூடியது. சமைத்துப் போட்டது முதலாளியம்மா, பார்த்துக்கொண்டது சுருட்டை, சுற்றி உட்கார்ந்து காவல் காத்தது தெரு. உனக்குச் சொன்னால் என்ன சொல்வாய்? "அப்பாவை வேலைக்கு விட்டுட்டுத் தூங்குறியா?" என்பாய். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நல்லா இருக்காரு, சாப்பிட்டாரு. வேறு என்ன சொல்வது?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் சாப்பாட்டை நிறுத்திய அந்த ஞாயிறு நான் குளிக்கப் போயிருந்தேன். மணிச் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஆள் இல்லை. ஈரத் தலையோடு ஓடினேன். முக்கு ரெஸ்டாரண்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தலையைப் படிய வாரியிருக்கிறார். உள்பக்கம் சுருட்டை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திறந்தால் கடை போய்விடும், திறக்காமல் இருக்க மனசு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிறாள், இந்தப் பக்கம் இவர் மெதுவாகத் தட்டுகிறார். மேஜையில் இருந்தவர்கள் ஒருத்தரும் தலை நிமிரவில்லை. என் தோளில் சாய்ந்தபடி வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். "என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்க" என்றார். இல்லப்பா என்றேன். "எடுத்துட்டாங்க. கதவத் தெறக்கலையே. நான் என்ன தப்புப் பண்ணேன்?" எதையும் நினைவில் வைக்க முடியாத மனுஷன், சின்னு. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. இது மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் இதைத்தான் கேட்கிறார். தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறார். "வேலை இல்லாதவனுக்கு எதுக்குச் சாப்பாடு? புள்ளைங்களுக்குக் குடுங்க." ஊட்டிவிடப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். தண்ணீரும் பாலும்தான் உள்ளே போகிறது. கன்னம் ஒட்டிவிட்டது.

முந்தாநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நர்ஸ் என்ற நினைப்பில்தான். காதோடு காதாகச் சொன்னார். "சிஸ்டர், எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ தாங்கிக்குவா. சின்னவ பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா. எனக்கு வேலை போனது அவளுக்குத் தெரிய வேணாம். கவலைப்பட்டாப் படிப்பு ஏறாது."

உனக்கு இதை எழுத வேண்டாம் என்று ரெண்டு நாள் வாயைக் கட்டி வைத்திருந்தேன். அப்புறம் தோன்றியது, ஏன் நான் மட்டும் கேட்க வேண்டும்? நீயும் கேள்.

பெரியவள் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ எழுதியது சரி. நானும் கேட்க வேண்டியதுதான்.

தொழிலாளர் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். இங்கே இருக்கிற அலுவலகம், ஆனால் கோப்பைப் பார்க்க முடியும் என்றார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். "சம்பளம் வாங்கினா தொழிலாளி, உக்காந்து சாப்பிட்டா வாடிக்கையாளர். உங்கப்பா எதுன்னு எழுதுறதும்மா?" என்றார். எங்கள் படிவத்தில் வேறு கட்டம் இல்லை என்றார். என் மேஜையிலும் வேறு கட்டம் கிடையாது. முதலாளியம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

கிளம்பி வரலாம் என்று டிக்கெட் எடுக்கப் போய், வரிசையில் நின்று, என் முறை வந்தபோது விலகிவிட்டேன். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி என் முகத்தைப் பார்த்து யாரும்மா நீங்க என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? வேலை போன செய்தி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றாரே, அந்தச் சின்னவளை அவருக்குத் தெரியும். என்னைத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்திருக்கிறேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நல்ல கனமான தாளில், அலுவலக முறைப்படி அடித்து, முத்திரைக்கு ஒரு வட்டம் போட்டு, மேலாளர் என்று இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஸ்டேஷன் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து அவருக்கு வந்ததாகச் சொல்லி, நின்று, சத்தமாக வாசித்துக் காட்டு. அவருக்கு ஓய்வு கொடுத்தது எப்போதோ. ஆனால் அவர் மனதில் அது இல்லை, கதவு திறக்காததுதான் இருக்கிறது. அதன்மேல் இதை வைத்துப் பார்ப்போம்.

'மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் இக்கூடத்தில் ஆற்றிய நெடுங்காலப் பணி இன்றுடன் நிறைவு பெறுகிறது. தங்கள் பணிக்காலம் முழுவதிலும் தங்கள் மீது எந்தப் புகாரும் வந்ததில்லை. பயணிகள் தங்களை அன்புடன் விசாரிக்கின்றனர். தங்களுக்கு முழு மரியாதையுடன் ஓய்வளிக்கப்படுகிறது. இனி வேலைக்கு வர வேண்டியதில்லை. உடல்நலம் பேணவும், வேளாவேளைக்கு உணவு உட்கொள்ளவும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

சாப்பிட்டாரா என்று மட்டும் ஒரு வரி போடு.

சின்னு


ஏப்ரல் 21

சின்னு,

சாப்பிட்டார்.

உன் தாளை ஒரு புதன்கிழமை மத்தியானம் வாசித்தேன். "ஸ்டேஷன்லேருந்து ஆர்டர் வந்திருக்கு" என்றதும் கட்டிலை விட்டு எழுந்தார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் முடிக்கும் வரை நின்றார். 'எந்தப் புகாரும் வந்ததில்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். "எம்மேல கம்ப்ளெயிண்ட் எதுவும் இல்லல்ல?" இல்லை என்றேன். "யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?" மேலாளர் என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். எடுத்துச் சாப்பிட்டார், சின்னு! இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வாசலுக்கு ஓடிப்போய் மாடி வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அந்த ஒரு நாள் சந்தோஷமாவது உனக்குக் கிடைத்திருக்கும்.

அன்று ராத்திரி கதவு மணி அடிக்கவில்லை. விடிய விடியத் தூங்கினார், நானும் தூங்கினேன். மறுநாளும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். இனி வேலைக்கு வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டோமே, வரவில்லை. உட்கார வைத்தால் உட்காருகிறார், படுக்க வைத்தால் படுக்கிறார். தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். எதை வைத்தாலும் சாப்பிடுகிறார். வீட்டுக்கு எப்ப அனுப்புவீங்க சிஸ்டர் என்று கேட்பாரே, அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாள் நான் வேண்டுமென்றே, "பயணம் எதுவரைக்கும்?" என்று கேட்டுப் பார்த்தேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடிதம் வாசித்ததையும் சொன்னேன். "இந்த நோயோட போக்கே இப்படித்தாம்மா, ஒரு படி இறங்கியிருக்கு. நீங்க வாசிச்சதுனால வந்ததில்ல" என்றார். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதலாளியம்மா போன ஞாயிறு ஒரு பாத்திரத்தில் சூடாக சூப் கொண்டுவந்தார்கள். சுருட்டையும் வந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, "பெரியவரே, இங்க கொஞ்சம் தண்ணி!" என்றாள், பழைய மாதிரி. எழுவார் என்று மூன்று பேரும் பார்த்தோம். கடைசியில் நான்தான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். உன் மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி முதலாளியம்மா ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "தங்கச்சி எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதியது நீ, வாசித்தது நான். அவர் பட்டினி கிடந்தபோது உனக்கு வந்த யோசனை எனக்கு வரவில்லை, வந்திருந்தாலும் எனக்கு அப்படி எழுத வராது. நீ எழுதினால் எழுதியபடியே நடந்துவிடுகிறது, சின்னு. அதுதான் எனக்கு இப்போது பயம். மணி அடிக்காத ராத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன், அது ஒரு தடவை அடிக்காதா என்று. எத்தனை நாள் அதைச் சபித்திருக்கிறேன்!

இனிமேல் எழுதாதே. கிளம்பி வா. மேஜையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு. யாரும்மா நீங்க என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துதானே வராமல் இருக்கிறாய்? அந்தப் பயம் வேண்டாம். இப்போதெல்லாம் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அக்கா